முந்தானையில் வைத்த மஞ்சள்

முந்தானை ஓரத்தில் விடியற்காலையில் வைத்த மஞ்சள் சிவந்துபோயிருந்தது.

பாஞ்சாலி அதைக் கைக்குள் மடித்துப் பிடித்துக்கொண்டாள். வாசலில் பொங்கல் பானை பொங்கி முடிந்ததும் மாமியார் லட்சுமியம்மாள் இரண்டு மருமகள்களின் முந்தானையையும் எடுத்துப் பார்ப்பாள். வருசா வருசம் பார்ப்பாள்.

பிறந்த வீட்டுச் சேலை வந்ததா, புதுசுதானா, ஓரத்தில் மஞ்சள் வைத்திருக்கிறதா. பார்த்துவிட்டுத் தெருவுக்கே சொல்வாள். சேலை வராதவளைப் பற்றியும் சொல்வாள். அது இன்னும் கொஞ்சம் சத்தமாக இருக்கும்.

இந்த ஐம்பத்தெட்டாம் வருசத்துப் பொங்கலுக்குப் பாஞ்சாலிக்குச் சேலை வரவில்லை. பிறந்த ஊர் கெடாரில் மழை இல்லை, மல்லாட்டை எல்லாம் பொக்கு, உடைத்தால் உள்ளே கடலை இல்லை. இந்தத் தடவை முடியாது என்று அண்ணன் முருகையன் பத்து நாளைக்கு முன்பே ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டான். அவளுக்குச் சேலை பெரிசில்லை. அண்ணனை யாராவது ஒரு வார்த்தை சொன்னால்தான் தாங்காது.

மூத்த மருமகள் சின்னபொண்ணுக்கு அந்தக் கவலை கிடையாது. அவள் அண்ணன் விழுப்புரத்தில் காண்டிராக்டர். இந்தப் பட்டிக்காட்டுக்கு வர அவருக்கு எங்கே நேரம்? போகிக்கு முந்தின நாள் சின்னபொண்ணே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவரிடம் சேலையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

விழுப்புரத்தில் எந்தத் தெரு என்று பாஞ்சாலி ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பாள். வயிற்றெரிச்சலில் கேட்பதுதான், வேறென்ன. ஸ்டேஷன் பக்கம் என்பாள் சின்னபொண்ணு.

பாஞ்சாலி பெட்டியிலிருந்து ஒரு வெளுத்த சேலையை எடுத்தாள். சீமந்தத்துக்கு அண்ணன் எடுத்தது. ஆகவே அண்ணன் கொடுத்த சேலை என்று சொன்னால் அதில் பாதிதான் பொய்.

ஆட்டுக்குப் புல் அறுக்கிறேன் என்று மூன்று நாள் காலையில் ஏரிக்கரையோடு பெருமுக்கல் மலைப் பக்கம் நடந்தாள். நீலச் சாயம் தருகிற அவுரித் தழை அங்கேதான் மண்டிக் கிடந்தது. தலையில் சுமை இல்லாமல் நடந்து எத்தனை வருசம் ஆகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மீன்கொத்தி ஒன்று ஒரே கட்டையில் மூன்று நாளும் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் அதைப் பார்ப்பதற்காகவே கொஞ்சம் சுற்றிப் போனாள்.

அன்றைக்கு மலையடிவாரத்தில் சின்னபொண்ணு எதிரே வந்தாள். விறகு பொறுக்க வந்தாளாம். விறகுக்கு வேர் தோண்டுகிற களைக்கொட்டு எதற்கு என்று பாஞ்சாலி கேட்கவில்லை. புல்லுக்கு வந்தவள் மடியில் அவுரித் தழை எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

வைக்கோல் போருக்குப் பின்னால் பானையில் தழையும் சுண்ணாம்பும் ஊறின. ஊறினால் நாறும்.

“எங்கியோ எலி செத்துக் கெடக்குது,” என்று புருசன் தாண்டவராயன் இரண்டு நாள் வீட்டையே புரட்டித் தேடினான். அவனுக்கும் ஒரு பொழுது போயிற்று.

பானையிலிருந்து எடுத்தபோது சேலை பச்சையாக இருந்தது. காற்றுப் படப் பட, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமானது. பாஞ்சாலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியார், பொங்கல், அண்ணன் எல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. ரொம்ப சந்தோசமாக இருந்தது. இன்னொரு தடவை முக்கினாள், தேவையே இல்லை.

நாலு பேர் துவைக்கிற ஏரியில் கொண்டுபோய் அலச முடியுமா? ஒரு குடம் தண்ணீரில் அலசி, கஞ்சி போட்டு, அரிசி மூட்டைக்கு அடியில் வைத்து மடிப்பு எடுத்தாள். முருகையன் கொடுத்தனுப்பியது என்று சொல்லி, பொங்கலன்றைக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று ஆரத்தி கரைக்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரியும். பாஞ்சாலிக்கும் தெரியும். சிவந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கடைச் சேலையில் ஏது சுண்ணாம்பு? சாயப்பானை என்று லட்சுமியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

பானை பொங்கியது. எல்லோரும் பொங்கலோ பொங்கல் என்றார்கள். பாஞ்சாலிக்கு வாய் மட்டும் அசைந்தது.

லட்சுமியம்மாள் முதலில் சின்னபொண்ணின் செங்காவிச் சேலையைத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. தலையை ஆட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். பக்கத்து வீட்டுக்காரிகளும் திரும்பினார்கள்.

அதற்குள் சின்னபொண்ணு குங்குமத் தட்டோடு குறுக்கே வந்தாள். அவள் பார்வை நேராகச் சிவப்புப் பொட்டில் போய் நின்றது. ஒழிந்தோம் என்று நினைத்தாள் பாஞ்சாலி.

தட்டு கவிழ்ந்தது. குங்குமம் மொத்தமும் பாஞ்சாலியின் முந்தானையில்.

“ஐயய்யோ, கை தவறிப்போச்சு அத்தே!”

லட்சுமியம்மாளுக்கு வந்ததே கோபம். “கண்ணு இன்னாடி, பொடனியிலயா இருக்குது? பாவம், முருகையன் அந்த வறட்சியிலயும் தங்கச்சிக்குப் புதுச்சேல எடுத்து அனுப்பிக்கிறான், அத இப்பிடிப் பாழ் பண்ணிட்டியே!”

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பாஞ்சாலிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சேலை போன துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சின்னபொண்ணு குனிந்து குங்குமத்தைத் தட்டிவிட்டாள். தட்டுகிற சாக்கில் காதோரம் சொன்னாள்.

“கடைசியா ஒரு தடவ புளித்தண்ணியில அலசிடணும்டி. அப்பதான் மஞ்ச செவக்காது.”

விழுப்புரத்தில் எந்தத் தெரு என்று பாஞ்சாலி அதற்குப் பிறகு கேட்டதே இல்லை.