நிழலுக்கு ஃபெயில்

"இதுவும் ஃபெயில் தம்பி" என்றாள் ஜெயராணி.

கார்த்திகேசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது மூன்றாவது தடவை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இயங்கும் அந்தச் சின்ன கம்பெனி, 'தேரோட்டம்' என்று ஒரு மொபைல் கேம் தயாரித்துக்கொண்டிருந்தது. கோபுரம், நாலு வீதி, நடுவில் அசைந்து வரும் தேர். தேரோடு அதன் நிழலும் தரையில் கூடவே நகர வேண்டும். அந்த நிழல்தான் கார்த்திகேசன் பொறுப்பு. அவன் சேர்ந்தபோது அது ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. ராப்பகலாக உட்கார்ந்து அதை மழமழவென்று ஆக்கியிருந்தான்.

"என் போன்ல சூப்பரா இருக்கே அக்கா!"

"இதுல தேர் நின்னு நின்னு வருது. போன் வேற ஜாஸ்தியா சுடுது. நிழல் அழகா இருந்தா போதுமா, தேர் ஓட வேணாமா?"

வெள்ளிக்கிழமைக்குள் நிழல் பாஸானால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி செம்பியன் சொல்லிவிட்டார். பாஸ் போட வேண்டியவள், டெஸ்டிங் பார்க்கும் ஜெயராணி.

போதாக்குறைக்குச் சிதம்பரத்திலிருந்து அப்பா கொளஞ்சி தினமும் சாயங்காலம் கூப்பிடுவார். கீழவீதிப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருப்பவர். மகன் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு தார் வாழைப்பழத்தோடு கூடவே வந்து, ஆபீஸ் முழுக்கக் கொடுத்துவிட்டுப் போனவர்.

"கேம் எப்பப்பா வரும்? நான்தான் மொதல்ல ஆடுவேன். என் போன்ல வருமா?"

"எல்லாப் போன்லயும் வரும்ப்பா" என்பான், மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று டீ குடிக்க எழுந்தபோதுதான் கவனித்தான். ஜெயராணி கையில் இருந்தது ஆபீஸ் கொடுத்த புது போன் இல்லை. திரையில் கீறல் விழுந்த, எந்தக் காலத்திலோ வந்த டப்பா போன்.

ஓகோ, சங்கதி இப்படிப் போகிறதா! புதுசை வீட்டில் பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிட்டு, ஓட்டை போனை வைத்துக்கொண்டு என் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுகிறாளே என்று கறுவினான்.

ஆனால் சண்டைக்கு நேரமில்லை. மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டான். கோபுரமும் வீடுகளும் எங்கே போய்விடப் போகின்றன? அவற்றின் நிழலை எதற்கு நொடிக்கு நொடி புதிதாகப் போட வேண்டும்? அதை ஒரே தடவை போட்டுச் சேமித்து வைத்தான். நகர்கிற தேருக்கும் ஆட்களுக்கும் மட்டும் அப்போதைக்கப்போது நிழல் விழச் செய்தான்.

வெள்ளிக்கிழமை காலை அந்த டப்பா போனில்கூட தேர் ஜம்மென்று ஓடியது. நிழலில் துளி நடுக்கம் இல்லை. ஜெயராணி பாஸ் போட்டாள்.

"கன்ஃபார்ம் பண்ணிட்டேன்யா!" என்று கைகொடுத்தார் செம்பியன்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆத்திரம் விட்டால்தானே!

"சார், ஒண்ணு சொல்லணும். ஜெயராணி அக்கா ஆபீஸ் போன்ல டெஸ்ட் பண்றதே இல்ல. ஏதோ ஒரு ஒடஞ்ச போனை வச்சிக்கிட்டு வேணும்னே என்னை ஃபெயில் பண்ணாங்க. புது போன் எங்கன்னு கேளுங்க."

செம்பியன் முகம் மாறியது. ஜெயராணியைக் கூப்பிட்டார். அவள் இரண்டு போன்களையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"புதுசுல மொத தடவையே பாஸ் சார். ரிப்போர்ட்லயே எழுதியிருக்கேன். தம்பி ஃபெயிலைப் பாத்துச்சு, அதுக்கு மேல இருந்த வரியப் பாக்கல."

"சரிம்மா, இந்தப் பழசு எதுக்கு? இந்த மாடல் நாம வாங்கவே இல்லையே?"

"முதுநகர்ல ஒரு பழைய போன் கடையில தேடி வாங்கினேன் சார்" என்றவள், கார்த்திகேசன் பக்கம் திரும்பினாள்.

"ஒங்கப்பா என்ன போன் வச்சிருக்காரு தம்பி?"

உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது.

"நீ சேர்ந்த அன்னைக்கு, வாசல்ல ஒன்னை நிக்க வச்சு ஒரு போட்டோ எடுங்கன்னு எங்கிட்டதான் போனைக் குடுத்தாரு. 'பையன் செய்யப்போற கேமு இதுல வருமாம்மா?'ன்னு கேட்டாரு. அன்னைக்கு எனக்குச் சொல்லத் தெரியல."

அந்த டப்பா போனை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இதே மாடல்தாம்ப்பா. போன் போட்டு நீயே சொல்லு, வரும்னு."