கிடாவின் பெயர்

“முதல் மாநாட்டில், தகப்பன் தன் மகனைப் பலி கொடுக்கப் போன மலை எது என்று மூன்று வேதங்களையும் ஒப்பிட்டீர்கள். அன்றைய விருந்துக்கு என் பாட்டனை அறுத்தீர்கள். இரண்டாம் மாநாட்டில், அந்த மகன் எவன் என்று அடித்துக்கொண்டீர்கள். என் அப்பனை அறுத்தீர்கள். மூன்றாம் மாநாட்டில், கத்தியைத் தடுத்த குரல் யாருடையது என்றீர்கள். என் அண்ணன் போனான்.”

கயிற்றை அறுத்துக்கொண்டு பறவைகளின் சபை நடுவே வந்து நின்றது செம்மறிக் கிடா.

“அறிஞர் சபையில் ஆட்டுக்கு என்னடா வேலை?” என்றது பருந்து.

“ஒரே கேள்விதான், பருந்தாரே. கடைசியில் அந்த மகனுக்குப் பதிலாகச் செத்த கிடாவின் பெயர் எந்த வேதத்தில் இருக்கிறது?”

தலைமை வகித்த ஆந்தை மூன்று வேதங்களையும் மாறி மாறிப் புரட்டியது.

“எதிலும் இல்லை, தம்பி. பெரிய அநியாயம்தான். இம்முறை உன் பெயரை எல்லோர் முன்னிலையிலும் நானே வாசிக்கிறேன். போதுமா?”

“போதும்!” வென்றுவிட்ட மிடுக்கில் கிடா தலையை நிமிர்த்தியது. கழுத்து நன்றாகத் தெரிந்தது.

விருந்து முடிந்ததும் ஆந்தை அலகைத் துடைத்துக்கொண்டு நன்றியுரை வாசித்தது. சபை எழுந்து நின்று கேட்டது.

“இன்றைய விருந்துக்கு உதவியவர், செஞ்சுட்டி.”