ஒன்பதாவது விதி

"அண்ணே, முதலாளி உங்களை உடனே மேல வரச் சொன்னாரு. அந்தச் சதுரங்கத் தாளையும் கையோட எடுத்துட்டு வரணுமாம்."

பைண்டிங் பிரிவுப் பெண் வாசலிலேயே நின்று சொன்னாள். அச்சகத்தின் புரூஃப் ரீடர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எதுக்காம்மா?"

"யாருக்குத் தெரியும்? அந்தப் பொம்மைக் கம்பெனிக்காரர் வந்திருக்காரு, மகளையும் கூட்டிட்டு. 'விதியெல்லாம் வரி வரியா படிச்ச ஆளு யாரு, அவரைக் கூப்பிடுங்க'ன்னாரு."

"முதலாளி முகம் எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போல கடுகடுன்னுதான்."

அவள் போய்விட்டாள். அவர் மேஜை மேலிருந்த தாளை எடுத்தார்.

பொம்மைக் கம்பெனி புதிதாக விற்கப்போகும், நான்கு பேர் ஆடும் சதுரங்கம். நான்கு பக்கம், நான்கு படை, நான்கு ராஜா. அதற்கான விதித்தாள் இருபதாயிரம் பிரதி அச்சாகி, கட்டுக் கட்டாகக் கீழே அடுக்கியிருக்கிறது. சதுரங்கத்தில் குதிரை எது, யானை எது என்பதோடு அவருடைய ஞானம் முடிந்தது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, ஆட்டம் புரிகிறதா என்று பார்க்கவில்லை. காலையில் டீ குடிக்கும்போது சும்மா கையெழுத்துப் பிரதியைப் புரட்டினார். பாதி டீ அப்படியே ஆறிப்போனது.

ஒன்பதாவது விதியில் அடுத்தடுத்து இரண்டு வரிகள். 'ராஜாவை இழந்தவர் ஆட்டத்தை விட்டு விலகுவார். ராஜாவை இழந்தவரின் காய்கள், அந்த ராஜாவை வெட்டியவருக்குச் சேரும்.' இரண்டுமே ஒரே மாதிரி தொடங்குவதால் டைப் செய்த பெண்ணின் கண் ஒன்றைத் தாண்டிப் போயிருக்கிறது. அவர் கண்ணும் பின்னாலேயே போயிருக்கிறது. அச்சான தாளில் இரண்டாவது வரியே இல்லை. ராஜா போன பிறகு அந்தப் படை யாருக்கு? இனி இருபதாயிரம் வீட்டில் இதை வைத்து அடிதடிதான்.

மாடிப்படியில் கால் வைக்கும்போது அவருக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் ஞாபகத்துக்கு வந்தார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேரை மாற்றிப் போட்ட மனிதர். காலையில் தெரிந்தது, மத்தியானம் டிபன் பாக்ஸோடு வீட்டுக்குப் போனார். முதலாளி ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லை. அதுதான் இன்னும் பயம்.

டைப் செய்த பெண் மேல் பழியைப் போட்டுவிடலாமா? அந்த நினைப்பு ஏழாவது படியில் வந்தது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, போன மாதம்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். 'சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா' என்று தன்னையே திட்டிக்கொண்டு மீதிப் படிகளை ஏறினார்.

கதவைத் திறந்தார். அறை நடுவில் அந்தச் சதுரங்கப் பலகை. ஒரு பக்கம் முதலாளி, ஒரு பக்கம் பொம்மைக் கம்பெனிக்காரர், இன்னொரு பக்கம் அவருடைய மகள். இந்த ஆட்டத்தை யோசித்து விதிகளைத் தன் கையால் எழுதியவளே அவள்தான். நான்காவது பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. மூன்று பேரும் ஒன்றாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள்.

"வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்," என்றார் பொம்மைக் கம்பெனிக்காரர். "உட்காருங்க."

விசாரிக்க நாற்காலி வேறு போட்டு வைத்திருக்கிறார்கள்! அவர் நுனியில் உட்கார்ந்தார்.

"இந்தத் தாளை முழுசா படிச்சது நீங்கதானே சார்?" என்று கேட்டாள் மகள்.

"ஆமாம்மா."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "பத்தொன்பது வருஷமா இங்க இருக்காரு. இவர் கண்ணுல எதுவும் தப்பாது."

புகழ்கிறாரா, குத்துகிறாரா? அந்த முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்போ விதியெல்லாம் மனப்பாடமா இருக்கணுமே," என்று மகள் சிரித்தாள். "சொல்லுங்க பார்ப்போம். இப்ப நான் எங்கப்பாவோட ராஜாவை வெட்டிட்டேன்னு வைங்க. அவரோட காய்கள் என்ன ஆகும்?"

ஒன்பதாவது விதியேதான். சுற்றி வளைக்காமல் நேராகக் கழுத்துக்கே வந்துவிட்டாள். இனி இந்தச் சித்திரவதை வேண்டாம், எது நடந்தாலும் நடக்கட்டும் என்று எழுந்து நின்றார்.

"சார், தப்பு என்னோடதுதான். டைப் பண்ணின பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க. கடைசியா பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். இருபதாயிரம் தாளும் தப்பு சார். காலையிலேயே தெரிஞ்சுது, சொல்லத்தான் தைரியம் வரல. மன்னிச்சிடுங்க."

முதலாளியின் வாய் பாதி திறந்தபடி இருந்தது. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆட்டம் எப்படி இருக்குன்னு ஆடிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தோம். வர்றேன்னு சொன்ன மச்சான் வரல," என்றார் பொம்மைக் கம்பெனிக்காரர் மெதுவாக. "நாலாவது ஆளுக்கு, விதி தெரிஞ்ச ஒருத்தரா அனுப்புங்கன்னு கேட்டேன், அவ்வளவுதான்... ஆமா, எது தப்புன்னு சொன்னீங்க?"