அடுத்த எண்

விபத்தில் இறந்த மகன் பிருந்தனின் அலமாரியை, இரண்டு வருடம் கழித்து, லின்ஃபீல்ட் வீட்டில் வசந்தமலர் திறந்தார். சட்டைகளுக்கிடையே ராணுவத்தினர் கழுத்தில் அணியும் தகடு கிடந்தது. அதில் அவன் பெயரும் ஓர் எண்ணும் இருந்தன. பகுதிநேரப் படையில் சேர அவன் எவ்வளவோ கெஞ்சியும் அவர் விட்டதில்லை.

அந்தப் படையில் இருக்கும் பக்கத்து வீட்டு ஜேசனிடம் காட்டினார்.

"நம்பர் வரிசையாத்தான் கொடுப்பாங்க, ஆன்ட்டி. இது எனக்கு அடுத்த நம்பர். நான் சேர்ந்ததே இந்தப் பிப்ரவரியிலதான்."

"அண்டைக்கு உமக்குப் பின்னால ஆர் நிண்டது?"

ஜேசன் தகட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஒருத்தன் நின்னான். முகத்தைப் பார்க்கல. அந்த வெயில்லயும் நடுங்கிட்டே இருந்தான்."

வசந்தமலர் தகட்டை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார்.

"போர்க்க ஏதும் குடுத்தனீரோ, தம்பி?"