ஏழு கண்ணாடிகள்

உதயரூபன் ஆய்வுகூடத்தில் நோயாளிகளின் தோலை மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏந்துபவன். பனிச்சங்கேணி மீனவர் ஒருவரின் தோலை நுண்நோக்கியில் பார்த்த டொக்டர் பிரஷாந்தி முகத்தைச் சுளித்தார்.

"இதிலயும் வேற ஆளுட தோல் ஒட்டியிருக்கு. தொட்டியக் கழுவினீங்களா?"

"கழுவினன் டொக்டர். தண்ணியும் புதுசு."

"அப்ப வாவியால நீந்தி வந்ததாக்கும். ஆறு கண்ணாடியிலயும் அதே தோல். இன்னொண்டு வந்தா உங்கட வேலை போகும்."

அந்தத் துணுக்கை அவனும் பார்த்திருந்தான். முதற்கண்ணாடியில் அழற்சி லேசாகத்தான் இருந்தது. ஆறாவதில் மேல்தோலையே தின்றிருந்தது. செத்த தோலில் நோய் முற்றுவதில்லை.

மறுநாள் புதுத் தொட்டி வைத்தான். ஏழாவது கண்ணாடியிலும் அது இருந்தது.

டொக்டர் ஏசவில்லை. வெக்கையிலும் நீளக்கைச் சட்டை போட்டிருந்தார். அறிக்கை எழுதும்போது சட்டைக்கை மேலேறியது. முன்கையில் வட்டமாக ஆறு தழும்புகள். மணிக்கட்டருகே ஏழாவது, தோல் போன குழியாக, ஈரம் காயாமல் இருந்தது.

"இனிச் சீவாதீங்க, உதயரூபன்," என்றார் மெதுவாக.

மேசையில் பத்து மெழுகுக் கட்டிகள் சீவ மிச்சம் கிடந்தன. உதயரூபன் கத்தியைத் துடைத்துச் சீவும் பொறியில் பூட்டினான்.

"அறிக்கை பிந்தினா என்னையெல்லோ ஏசுவீங்க, டொக்டர்," என்றான்.