கடைசி நாள் பாடம்

"வகுப்பு இல்லண்ணே. மூடியாச்சு. வேற எங்கயாவது பாருங்க."

குயென் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, நீச்சல் பழக்கக் கால்வாயில் நட்டிருந்த மூங்கில்களிலிருந்து வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கரையில் நின்ற ஆளுக்கு நாற்பது வயதிருக்கும். அவர் கையைப் பிடித்தபடி ஆறேழு வயதுப் பெண் குழந்தை ஒன்று. படகைக் கட்டிவிட்டு, போகிற உத்தேசமே இல்லாதவர் போல நின்றார்.

"போர்டு இன்னும் தொங்குதே, டீச்சர்."

"சாயங்காலம் அதையும் கழட்டிருவேன்."

மேகோங் ஆற்றின் கழிமுகத்தில் மழை பிடித்துவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில் வயல், பாதை, வாசல் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். வருஷா வருஷம் பிள்ளைகளைக் காவு வாங்குகிற தண்ணீர். அதற்காகத்தான் குயென் படிப்பை முடித்த கையோடு மூன்று தோழர்களைச் சேர்த்துக்கொண்டு இந்த இலவச நீச்சல் அமைப்பைத் தொடங்கினாள். இருபத்தாறு வயதுக்குள் விருது, மேடை, பூங்கொத்து எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது தோழர்கள் ஆளுக்கொரு வேலை தேடிக்கொண்டு சைகோன் நகரத்துக்குப் போய்விட்டார்கள். வலை அவிழ்க்க இவள் ஒருத்திதான் மிச்சம்.

வந்தவர் விடுவதாயில்லை. சைகோன் பக்கம் கட்டட வேலையாம். போன மாதம்தான் ஊருக்கு வந்தாராம். திரும்பிப் போவதற்குள் பெண்ணுக்கு நீச்சல் வந்தாக வேண்டுமாம். குயெனுக்கு எரிச்சலாக வந்தது.

"உங்களுக்கு விஷயம் தெரியாதா? எங்ககிட்ட நீச்சல் படிச்ச பையன் ஒருத்தன் தண்ணியில போயிட்டான்."

"தெரியும். எப்படிப் போனான்னு நீங்க சொல்லுங்க. ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் வேண்டும், இவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். ஆனால் இந்த ஒரு மாதமாக ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்த்து அதைக் கேட்டதில்லை. கேட்டதும் அவளால் அடக்க முடியவில்லை.

பையன் பேர் துவான். பன்னிரண்டு வயது. தினமும் தனியாகப் படகு தள்ளிக்கொண்டு வருவான். பதினைந்து நாள் வகுப்பு. உதவி தருகிற வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தெரிய வேண்டியதெல்லாம் எத்தனை பிள்ளைகள் இருபத்தைந்து மீட்டர் நீந்தினார்கள் என்பது மட்டும்தான். அதனால் முதல் நாளிலிருந்தே நீச்சல், நீச்சல், நீச்சல். ஒருவர் முழுகும்போது என்ன செய்வது என்கிற பாடத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளியிருந்தாள். குதிக்காதே, கழியை நீட்டு, காலிக் கேனை வீசு, பெரியவர்களைக் கூப்பிடு, அவ்வளவுதான் பாடம். அந்தக் கடைசி நாளில் நிறுவனத்தார் வந்து இறங்கினார்கள். பிள்ளைகளை நிறுத்திவைத்துச் சான்றிதழோடு படம் பிடிப்பதிலேயே பொழுது போய்விட்டது. பாடம் நடக்கவில்லை. அடுத்த வாரமே பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று மதகு ஓரம் விழுந்தது. துவான் குதித்துவிட்டான்.

"அது இவன் கழுத்தக் கட்டிப் பிடிச்சிருச்சு. ஆளுங்க ஓடி வந்து கழிய நீட்டுறப்ப பிள்ளை மட்டும்தான் மேல இருந்துச்சு. கழி கரையிலதாண்ணே கிடந்திருக்கு. நீந்தத் தெரியாம இருந்திருந்தா அவன் கரையில நின்னு கத்தியிருப்பான். உயிரோட இருந்திருப்பான்."

சாவுக்குப் போனீர்களா என்று அவர் கேட்டார். போகவில்லை. மேளச் சத்தம் கேட்டதும் பாதி வழியிலேயே படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அதையும் ஒளிக்காமல் சொன்னாள். சொல்லும்போதே அவமானம் பிடுங்கித் தின்றது.

அவர் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா நீந்துவானா?"

"எல்லாரையும் விட."

சரி என்பது போலத் தலையாட்டினார். செத்த பிள்ளையைப் பற்றிக்கூட இவருக்கு விவரம் வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குக் கசந்தது. வலையை வெடுக்கென்று இழுத்தாள்.

"நீங்க மூடிட்டா வெள்ளம் வராம நின்னுருமா, டீச்சர்?" அவர் குரல் உயரவில்லை. "நானும் ஊர்ல இருக்க மாட்டேன். இவ விழுந்தா குதிக்க எங்க வீட்ல ஆள் இல்ல. அந்தக் கடைசி நாள் பாடத்த முதல் நாளே நடத்துங்க. நீச்சல் பொறவு வரட்டும்."

குயென் வலையைக் கைவிட்டாள். மூடிவிட்டால் செய்த பாவம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். மூடினாலும் தீராது என்று இப்போது தெரிந்தது. அந்தக் குழந்தை தண்ணீர் ஓரத்துக்கு வராமல், அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. இத்தனை பயந்த பிள்ளையை எந்த மனசோடு திருப்பி அனுப்புவது?

கரையேறிக் கையைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து சேர்க்கைப் படிவம் ஒன்றை எடுத்தாள். நிறுவனத்தார் அச்சடித்துக் கொடுத்தது. கேள்விகளுக்குக் குறைச்சலில்லை. பேர் லியென், வயது ஏழு, வீட்டுக்கும் தண்ணீருக்கும் ஆறடி தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். அடியில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. 'எங்கள் வகுப்பைப் பற்றி யார் மூலம் அறிந்தீர்கள்?'

அதைப் படித்துவிட்டு, பேனாவும் கையுமாக நிமிர்ந்தாள்.

"என் மகன் போன்ல சொன்னான்," என்றார் அவர். "அடுத்த வகுப்புல தங்கச்சியையும் சேர்த்து விடுங்கப்பான்னு. பேரு துவான். எழுதிக்குங்க, டீச்சர்."