கம்பி வெட்டிய அன்று

“நீங்க உக்காருங்கக்கா. இதை நான்தான் செய்யணும்,” என்று மலரின் கையிலிருந்த கத்தியை லோகேஸ்வரன் வாங்கிக்கொண்டான்.

மலர் தன் ஊரான மெர்சிங்கிலிருந்து பஸ் பிடித்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். அவன் மனைவி ரூபினிக்குக் கூடப்பிறந்தவள் என்று இருப்பது இந்த ஓர் அக்காதான். தங்கச்சி புருஷன் வரிசையாகப் பேரிக்காய்களை வைத்துத் தோல் சீவுவதை வாய் பிளந்து பார்த்தாள்.

“எத்தனை நாளா தம்பி இந்த வேலை?”

“இன்னியோட ஆறு வாரம்.”

ஆறு வாரத்துக்கு முன்னால் ரூபினியின் தாடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். சோறு கிடையாது, ரொட்டி கிடையாது. பல் இடுக்கு வழியாக எதை உறிஞ்ச முடியுமோ அதுதான் சாப்பாடு.

செனாய் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் லோகேஸ்வரன். அதுவரை அடுப்பைப் பற்றவைத்துச் சுடுதண்ணீர்கூடப் போட்டதில்லை. கஞ்சி காய்ச்சினான், ரூபினி தள்ளிவைத்தாள். சூப் வைத்தான், அதையும் தொடவில்லை. ஒருநாள் பேரிக்காயை வேகவைத்து மசித்துச் சாஸ் மாதிரி ஆக்கி வைத்தான். அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சிவிட்டாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் அதுதான்.

“அந்த மஞ்ச, உருண்டைப் பேரிக்கா சரிப்படாதுக்கா. மணல் மணலா நிக்கும், கம்பியில போயி மாட்டிக்கும். இந்தப் பச்சையா, நீட்டா இருக்கறதுதான் வெண்ணெய் மாதிரி கரையும்.”

பேசிக்கொண்டே விதையையும் நடு நாரையும் தோண்டி எறிந்தான். துண்டுகளைச் சட்டியில் போட்டு அரை கிளாஸ் தண்ணீர் ஊற்றினான். ஒரு துண்டுப் பட்டை, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. மூடிவைத்து நெருப்பைக் குறைத்தான்.

“எனக்கு ஜுரம் வந்தா எங்க வீட்டுக்காரருக்கு ஒரு மைலோ கலக்கித் தரத் தெரியாது லா. என் தங்கச்சி கொடுத்து வெச்சவ.”

லோகேஸ்வரன் சட்டி மூடியில் ஆவி படர்வதையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு கன்னமும் ஒட்டி, ஆள் பாதியாகியிருந்தான்.

“ஏன் தம்பி மூஞ்சி இப்படி இருண்டு கெடக்கு? கம்பியத்தான் காலையில வெட்டி எடுத்துட்டாங்களே. இனிமே பேசுவா, சாப்பிடுவா.”

“பேசலக்கா.” மூடியைத் திறந்து கிளறினான். “டாக்டர் வாயத் தொறக்கச் சொன்னாரு, தொறந்தா. மூடச் சொன்னாரு, மூடினா. கார்ல வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தேன், வலிக்குதா, ஏதாச்சும் சொல்லுன்னு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.”

“நோவுதோ என்னமோ.”

“நோவு இல்லக்கா. நான் ரூமுக்குள்ள போனா செவத்தப் பாத்துப் படுத்துக்கிறா. அம்பது கிலோ இருந்தவ, இப்ப நாப்பத்தொண்ணு. இந்த வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. எனக்கு உசிரோட இருக்கவே பிடிக்கல.”

வெந்த பழத்தை மசிக்க ஆரம்பித்தவன் பாதியில் மத்தைப் போட்டுவிட்டான்.

“எல்லாம் என்னாலதான்க்கா!” என்று முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதான்.

“அலமாக், ஐயோ! என்ன தம்பி இது? பாத்ரூம் தரை ஈரமா இருந்தா அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? சின்ன வயசுலேருந்தே அவளுக்குக் கீழ பாத்து நடக்கற பழக்கம் இல்ல.” மலருக்கும் கண் கலங்கிவிட்டது. அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மீதியை அவளே மசித்தாள்.

இந்த ஆறு வாரமும் ரூபினியின் ஃபோனுக்கு யார் கூப்பிட்டாலும் அவன்தான் எடுத்தான். ‘அவளால இப்பப் பேச முடியாது’ என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்திருந்தது. கம்பி வெட்டும் நாள் தள்ளிப்போகாதா என்று தினமும் காலண்டரைப் பார்த்தான். அந்த நாளும் இதோ வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாஸைத் துணியில் வடிகட்டிக் கிண்ணத்தில் ஊற்றினான்.

“இன்னிக்கு ஸ்பூன்ல குடுக்கலாம்னு சொன்னாங்க. நீங்களே குடுங்கக்கா. நான் குடுத்தா வாங்க மாட்டா. கிண்ணத்த வெச்சிட்டு நான் வெளிய வந்தாத்தான் குடிப்பா.”

படுக்கையில் சாய்ந்திருந்த ரூபினி, அக்காவைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மலர் ஊட்டிய முதல் வாயை மெல்ல விழுங்கினாள். இரண்டாவதையும் விழுங்கினாள். மூன்றாவது வாய் ஊட்டுவதற்குள் கண்ணீர் தாரையாக இறங்கி மோவாயில் சொட்டியது.

“அழாதேடி. உம் புருஷனப் பாரு, வாசப்படியில நின்னு தவிக்கிறாரு. இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்வா? அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினா கொறைஞ்சா போயிடுவே?”

லோகேஸ்வரன் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ரூபினி ஸ்பூனைத் தள்ளிவிட்டு அக்காவின் மணிக்கட்டைப் பற்றினாள். தாடை ஒரு விரல் அளவுதான் திறந்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

“நான் வழுக்கி விழலக்கா. இவரு அடிச்சதுல ஒடைஞ்சது. என்னை உன்கூடவே மெர்சிங்குக்குக் கூட்டிட்டுப் போயிடு.”